அம்புக்குறி வந்த வழி

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் ‘உறவுகளும் சார்புகளும்’. இப்போது நடப்பில் இருப்பது 2019-இல் வந்த புத்தகம். ஜூன் மாதம் பள்ளி திறந்த சில வாரங்களிலேயே சங்கரன்கோவில் பிள்ளைகளும் சரி, சென்னைப் பிள்ளைகளும் சரி, நோட்டில் ஒரே மாதிரி ஒரு படம் வரைந்திருப்பார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முட்டை வட்டங்கள். இரண்டுக்குள்ளும் சில எண்கள். இடது வட்டத்திலிருந்து வலது வட்டத்துக்குப் பாயும் அம்புகள். இடது வட்டத்துக்கு மதிப்பகம் என்று பெயர். வலது வட்டம் துணை மதிப்பகம். வலது பக்கத்தில் அம்பு போய்த் தைத்த எண்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது வீச்சகம். விதிகள் இரண்டே இரண்டு: இடது வட்டத்தில் எவரும் அம்பில்லாமல் நிற்கக் கூடாது, ஒருவரிடமிருந்து இரண்டு அம்புகள் கிளம்பக் கூடாது. இவை சரியாக இருந்தால் படத்துக்குச் சார்பு என்று பெயர்.

சங்கரன்கோவில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேறெங்கும் போக வேண்டாம், கோயில் தல வரலாறே போதும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சங்கன் சிவபக்தன், பதுமன் திருமால் பக்தன். யார் சாமி பெரிய சாமி என்று இருவருக்கும் ஓயாத சண்டை. கோமதி அம்பாள் தவம் இருக்க, ஒரு பாதி சிவனும் ஒரு பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார் என்பது ஐதீகம். ஆடித்தபசு அதற்கான திருவிழா. இப்போது இடது வட்டத்தில் சங்கன், பதுமன். வலது வட்டத்தில் சங்கரநாராயணர். இருவரிடமிருந்தும் ஆளுக்கோர் அம்பு, இரண்டும் ஒரே சாமியிடம் முடிகின்றன. தாராளமாகச் சார்பு. புத்தகம் இதைப் பலவற்றிற்கு ஒன்றான சார்பு என்று சொல்லும். அம்புகளைத் திருப்பிப் போட்டால் சங்கரநாராயணரிடமிருந்து இரண்டு அம்பு கிளம்பும். அது சார்பு ஆகாது.

இருவர் ஒருவரிடம் போகலாம், ஒருவர் இருவரிடம் போகக் கூடாது. ஏன் இந்த ஓரவஞ்சனை? பையன் கேட்டால் ‘வரையறை அப்படி’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். வரையறையை யாரோ ஒருநாள் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. இந்த எளிய படம் உருவாக ஏறத்தாழ முந்நூறு ஆண்டு ஆனது. அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில் பிறந்தவை. அதில் விசித்திரம், நம் புத்தகத்தில் முதலில் வரும் மதிப்பகம் வரலாற்றில் வெகு தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. பாடம் பிள்ளைகளுக்குக் கசப்பதற்குப் பாதிக் காரணம் இந்த வரிசை மாற்றம்தான் என்பது என் எண்ணம்.

ஆரம்பத்தில் வட்டமும் இல்லை, அம்பும் இல்லை. வளைகோடு மட்டும் இருந்தது. 1673-இல் லைப்னிட்ஸ் எழுதிய ஒரு கையெழுத்துப் படியில் ‘சார்பு’ என்ற பெயர் தலைகாட்டுகிறது. வளைகோட்டின் மேல் ஒரு புள்ளி நகர, அதோடு சேர்ந்து கூடிக்குறையும் நீளங்களை அவர் அந்தப் பெயரில் அழைத்தார். 1718-இல் யோகான் பெர்னூலி அதை வடிவியலிலிருந்து பெயர்த்து இயற்கணிதத்துக்குக் கொண்டுவந்தார். மாறியையும் மாறிலிகளையும் எப்படியாவது கோத்துக் கட்டிய கோவை எதுவும் சார்பு என்றார். அவரிடம் பாடம் படித்த ஆய்லர், 1734-இல் பீட்டர்ஸ்பர்க்கில் எழுதிய கட்டுரையில் ‘எஃப்’ எழுத்தைப் போட்டு அடைப்புக்குறிக்குள் மாறியை எழுதினார். இன்றைக்குப் பிள்ளைகள் எழுதும் குறியீடு அன்றைக்குப் பிறந்ததுதான். 1748-இல் வெளிவந்த பெரிய நூலிலும் ஆய்லர் ஆசானின் வழியிலேயே நின்றார்: சார்பு என்றால் சூத்திரம்.

சூத்திரம் என்று சொல்லிவிட்டால் மதிப்பகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்திலிருந்து எக்ஸைக் கழித்து வர்க்கமூலம் எடு என்றால், எக்ஸ் ஐந்தைத் தாண்டக் கூடாது என்பது சூத்திரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சூத்திரம் எதுவரை செல்லுபடியாகிறதோ அதுவரை சார்பு. நம் தேர்வுகளில் ‘மதிப்பகம் காண்க’ என்று வரும் கேள்விகள் இன்றும் இந்த ஆய்லர் காலத்தைச் சேர்ந்தவை. வகுத்தலில் அடியில் பூச்சியம் வருகிறதா, மூலக்குறிக்குள் குறை எண் வருகிறதா என்று பார்த்து, வரும் இடங்களைத் தள்ளிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது ஒரு தந்தி. தம்புராவில் ஒரு தந்தியை நடுவில் விரலால் இழுத்துப் பிடியுங்கள். அது இப்போது என்ன வடிவம்? இடது முனையிலிருந்து விரல்வரை ஒரு நேர்கோடு ஏறுகிறது, விரலிலிருந்து வலது முனைவரை இன்னொரு நேர்கோடு இறங்குகிறது. நடுவில் ஒரு முனை. விரலை விட்டால் தந்தி அதிர்கிறது. எந்த நேரத்தில் எந்த வடிவத்தில் இருக்கும் என்று கணக்குப் போட வேண்டும். 1747-இல் தலம்பேர் அதற்கான சமன்பாட்டைத் தீர்த்தார். தீர்த்த கையோடு ஒரு நிபந்தனையும் போட்டார்: தந்தியின் தொடக்க வடிவம் ஒரே சூத்திரத்தில் அடங்க வேண்டும். விரலால் இழுத்த தந்தி அடங்காது, பாதிக்கு ஒரு சூத்திரம், மறுபாதிக்கு வேறொன்று. ஆகவே அது தன் கணக்கில் சேராது என்றார். ஆய்லருக்கு இது பொறுக்கவில்லை. தந்தி எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம், கை போன போக்கில் கிறுக்கிய கோடாகக்கூட இருக்கலாம், அதுவும் சார்புதான் என்றார். சூத்திரமே சார்பு என்று புத்தகம் எழுதிய அதே ஆய்லர். 1753-இல் யோகானின் மகன் தானியேல் பெர்னூலி குறுக்கே வந்து, எந்த வடிவத்தையும் சைன் அலைகளைக் கூட்டியே பெற்றுவிடலாம் என்றார். மற்ற இருவருமே அதை நம்பவில்லை. மூன்று பெரிய தலைகள் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டின. சண்டை மேலுக்குத் தந்தியைப் பற்றியது. உள்ளே இருந்த கேள்வி, சூத்திரம் இல்லாமல் ஒரு சார்பு இருக்க முடியுமா என்பது.

முடியும் என்பதற்கு நம் பக்கத்தில் பழைய சாட்சி ஒன்று உண்டு, அந்த மூவருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. தமிழ்நாட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தைத்தான் சொல்கிறேன். சந்திரன் எந்த நாளில் வானத்தில் எந்தப் பாகையில் இருக்கும் என்பதற்கு வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள் உள்ளன. ஒவ்வொரு வாக்கியமும் கடபயாதி முறையில் எழுத்துகளுக்குள் எண்ணை ஒளித்துவைத்தது. முதல் நாளுக்கு ஒரு வாக்கியம், இரண்டாம் நாளுக்கு ஒன்று, இப்படி 248-ஆம் நாள்வரை. ஏன் 248? பூமிக்கு அருகே வந்து விலகி மீண்டும் அருகே வர சந்திரனுக்கு 27½ நாளுக்குச் சற்று மேல் ஆகும். அப்படி ஒன்பது சுற்று முடிந்தால் கிட்டத்தட்டச் சரியாக 248 நாள்.

இதில் சூத்திரம் எங்கும் கண்ணில் படாது. நாள் எண்ணைச் சொன்னால் வாக்கியம் வரும், வாக்கியத்தைப் பிரித்தால் பாகை வரும். மதிப்பகம் ஒன்று முதல் 248 வரை, திட்டவட்டமாக. அதற்கு வெளியே உள்ள நாளுக்கு? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் வாக்கியகரணம் என்ற நூல் சொல்கிறபடி, கலியுகத் தொடக்கத்திலிருந்து கடந்த நாள்களில் ஒரு பெரிய எண்ணைக் கழித்துவிட்டு, மீதியை 12372-ஆல் வகுத்து, அதன் மீதியை 3031-ஆல் வகுத்து, அதன் மீதியை 248-ஆல் வகுக்க வேண்டும். கடைசியில் நிற்கும் மீதி எந்த வாக்கியத்தைப் பார்ப்பது என்று சொல்லும். ஒவ்வொரு வகுத்தலுக்கும் உரிய திருத்தப் பாகையைக் கூட்டிக்கொண்டால் விடை தயார். எந்த நாளையும் முதலில் சிறிய மதிப்பகத்துக்குள் இழுத்துவந்து, பிறகு அட்டவணையைப் பார்ப்பது. பத்தாம் வகுப்பில் சார்புகளின் சேர்ப்பு என்று படிக்கிறார்களே, அதேதான்.

1825-இல் சென்னையில் ‘காலசங்கலித’ என்ற நூலை வெளியிட்ட ஜான் வாரன், இதை நேரில் பார்த்தவர். சென்னை வானியல் ஆய்வகத்தை முன்பு கவனித்துக்கொண்டிருந்த ராணுவ அதிகாரி அவர். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர், தரையில் சிப்பிகளை எண்களாகப் பரப்பி, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே, அந்த ஆண்டு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். புத்தகம் பார்க்கவில்லை, எழுதவும் இல்லை. சந்திரன் ஏன் அப்படி நகர்கிறது என்று அவரிடம் கேட்டிருந்தால் பதில் வந்திருக்காது. நாளிலிருந்து பாகைக்கு எந்த அம்பு போகிறது என்பது மட்டும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

ஐரோப்பாவில் அந்த இடத்துக்கு வர ஃபூரியே தேவைப்பட்டார். இரும்புத் தண்டில் சூடு எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தவர், 1807-இல் பாரிஸ் கழகத்தில் கட்டுரை வைத்து, 1822-இல் நூலாக்கினார். தானியேல் பெர்னூலி சொன்ன சைன் கூட்டல் கிறுக்கல் கோட்டுக்கும் பொருந்தும் என்று அவர் அடித்துச் சொன்னார், நிறுவவில்லை. எந்தச் சார்புகளுக்குப் பொருந்தும், எவற்றுக்குப் பொருந்தாது என்று 1829-இல் கறாராக ஆராய்ந்தவர் டிரிக்லே. பொருந்தாததற்கு அவர் கொடுத்த உதாரணம் ஒரு குறும்பு. எக்ஸ் விகிதமுறு எண்ணாக இருந்தால் ஒரு மதிப்பு, விகிதமுறா எண்ணாக இருந்தால் வேறொரு மதிப்பு. ஒன்று, பூச்சியம் என்று வைத்துக்கொள்வோம். அரைக்கு ஒன்று, இரண்டின் வர்க்கமூலத்துக்குப் பூச்சியம். இதன் வரைபடத்தை யாராலும் வரைய முடியாது, எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலும் அது எண்ணற்ற முறை மேலும் கீழும் தாவுகிறது. மதிப்பகம் மெய்யெண்கள் அத்தனையும். வீச்சகத்தில் இருப்பதோ இரண்டே பேர்.

ஒருவர் இருவரிடம் போகக் கூடாது என்ற விதியின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் ஒரு பதில், ஒரே பதில் வர வேண்டும். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லா நிபந்தனைகளையும் டிரிக்லே தலைமுறை கழற்றிவிட்டது. கோடு தொடர்ச்சியாக இருக்க வேண்டாம், சூத்திரம் வேண்டாம், படம்கூட வேண்டாம். இரண்டு எண்கள் ஒரே பதிலைப் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் நட்டமில்லை. ஒரே எண் இரண்டு பதில் சொன்னால் மட்டும் கணக்கு நின்றுபோகும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகு தங்கியதுதான் அந்தக் கடைசி விதி.

சூத்திரம் போனதும் இன்னொரு நெருக்கடி வந்தது. மதிப்பகத்தை இனிச் சூத்திரம் பார்த்துக்கொள்ளாது, வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். எக்ஸின் வர்க்கம் என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. எல்லா மெய்யெண்களுக்கும் என்றால் அது ஒரு சார்பு. குறை மூன்றும் மூன்றும் ஒரே ஒன்பதில் போய் முடியும். ஒரு சதுர மனையின் பக்கத்துக்கு என்றால் மிகை எண்கள் மட்டும். அங்கே ஒன்பதில் வந்து முடிவது ஒரே அம்பு. சூத்திரம் ஒன்று, சார்பு இரண்டு.

1888-இல் டெடகிண்ட், எண்களைப் பற்றிய தன் சிறு நூலில், மதிப்பகத்தில் எண்களே இருக்க வேண்டியதில்லை என்ற இடத்துக்கு வந்தார். எந்தப் பொருள்களின் தொகுதியிலிருந்தும் எந்தப் பொருள்களின் தொகுதிக்கும் அம்பு விடலாம். சங்கனும் பதுமனும் கணக்குப் படத்துக்குள் நுழைய அனுமதி கிடைத்தது அப்போதுதான். வட்டங்கள் அதற்கு முன்பே தயாராக இருந்தன. தர்க்கத்தை விளக்க ஆய்லரும் பின்னர் ஜான் வென்னும் வரைந்து பழக்கியவை. குறியாக அம்பை நடுவில் போட்டது இன்னும் பின்னால், 1940-ஐ ஒட்டி. அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் போலந்தில் பிறந்த ஹுரேவிச் என்பதே பலரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. 1956-இல் மெக்சிகோவில் ஒரு கணித மாநாட்டுக்குப் போனவர், உக்ஸ்மால் என்ற இடத்தில் பழைய மாயன் படிக்கட்டுக் கோபுரம் ஒன்றிலிருந்து தவறி விழுந்து இறந்தார். அவர் போட்ட அம்பு அதற்குள் உலகம் முழுக்கப் போய்விட்டிருந்தது.

தமிழ்நாட்டுக்கு இது வந்த பாதை பாரிஸ் வழியாக. 1934 டிசம்பரில் சில பிரெஞ்சு இளைஞர்கள் ஒரு காப்பிக் கடையில் கூடி, பகுப்பாய்வுக்குப் புதிய பாடநூல் ஒன்று எழுதுவது என்று முடிவெடுத்தார்கள், அந்தத் திட்டமே பிறகு கணிதம் முழுவதையும் கணங்களிலிருந்து தொடங்கித் திரும்ப எழுதுவதாக விரிந்தது. எல்லோரும் சேர்ந்து நிக்கோலா பூர்பாக்கி என்ற இல்லாத ஆளின் பெயரில் எழுதினார்கள். அவர்களின் முதல் நூல் 1939-இல் வந்தது, கணங்களைப் பற்றி. சார்பு என்றால் மதிப்பகம், துணை மதிப்பகம், அம்பு மூன்றும் சேர்ந்ததே என்ற பார்வை கெட்டிப்பட்டதில் இவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தக் குழுவின் தலைகளில் ஒருவர் ஆந்த்ரே வெய். அவர் 1930 முதல் 1932 வரை அலிகாரில் பேராசிரியராக இருந்தவர். அங்கே அவர் வேலைக்கு அமர்த்திக்கொண்டவர்களில் ஒருவர் விஜயராகவன் என்ற தமிழர், ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியிடம் படித்தவர். பின்னாளில் அழகப்பச் செட்டியார் சென்னையில் தொடங்கிய இராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர்தான்.

அதைவிட முக்கியமான ஆள் சார்லஸ் ரசீன் என்ற இயேசு சபைப் பாதிரியார். பாரிஸில் எலி கார்த்தானிடம் ஆராய்ச்சி செய்து 1934-இல் முனைவர் பட்டம் வாங்கியவர். 1937-இல் திருச்சி புனித வளனார் கல்லூரிக்கு வந்து, 1939-இல் சென்னை லயோலாவுக்கு மாறினார். அந்தக் காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பழைய சூத்திரக் கணிதம். ரசீன் அதை ஓரமாக வைத்துவிட்டு, பிரான்சிலிருந்து வந்த புதிய நூல்களை மாணவர்கள் கையில் கொடுத்தார். வகுப்பில் அவர் பேச்சு அவ்வளவு தெளிவாக இருக்காதாம். ஆனாலும் அவரிடம் படித்துவிட்டு 1953-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போன எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1965-இல் தங்கள் பெயரிலேயே வழங்கும் தேற்றத்தை நிறுவினார்கள்.

ஒரு தலைமுறை முன்னால் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனுக்கு இந்தக் காற்று படவேயில்லை. அவருக்குக் கிடைத்தது கார் என்பவர் தொகுத்த சூத்திர மூட்டை. அவர் ஆய்லர் காலத்து மனிதர், ஆய்லரையே வியக்கவைத்திருக்கக் கூடியவர். ஆனால் அவர் ஹார்டியோடு சேர்ந்து 1918-இல் ஆராய்ந்த பிரிவினைச் சார்பைப் பாருங்கள்: ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பது. நான்கை ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ 3972999029388 விதமாகப் பிரிக்கலாம். மதிப்புகள் 1, 2, 3, 5, 7, 11, 15 என்று ஏறும். நான்கு இந்த வீச்சகத்தில் இல்லை, ஆறும் இல்லை. சரியாக நான்கு விதமாகப் பிரிக்கத்தக்க எண்ணே உலகத்தில் கிடையாது.

கல்லூரியிலிருந்து பள்ளிக்கு அம்பை இறக்கிவிட்டது ரஷ்யாக்காரர்களின் ஸ்புட்னிக். 1957-இல் அது பறந்ததும் அமெரிக்கா அரண்டுபோய்ப் பள்ளிக் கணக்கை மாற்றக் கிளம்பியது, ஐரோப்பாவும் பின்தொடர்ந்தது. பெல்ஜியத்தில் ஜார்ஜ் பாப்பி 1963-இல் வெளியிட்ட பாடநூலில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகப் பல வண்ண அம்புகள் பறந்தன. நம் நோட்டில் இருக்கும் படத்துக்கு அதுதான் நெருங்கிய மூதாதை. அங்கேயெல்லாம் ‘புதுக் கணக்கு’ பெற்றோரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பின்வாங்கியது. இங்கே அது சத்தமில்லாமல் தங்கிவிட்டது. சமச்சீர்க் கல்வியில் 2011-இல் வந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் முதல் பாடம் ‘கணங்களும் சார்புகளும்’. 2019 புத்தகத்தில் உறவுகளும் சேர்ந்துகொண்டன.

வந்தது சரி, வந்த இடத்தில் அதற்கு வேலை இருக்கிறதா? புத்தகத்து அம்புகள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்குக்கும் இரண்டிலிருந்து ஏழுக்கும் பாய்கின்றன, எதற்கென்று தெரியாமல். சங்கரன்கோவிலில் நல்ல அம்புகளுக்குப் பஞ்சமில்லை. பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை தேதியின் சார்பா? காலையில் ஒரு விலை, வெயில் ஏறியதும் வேறு விலை, முகூர்த்தத்துக்கு முந்தின நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஒரே தேதியிலிருந்து இரண்டு அம்பு கிளம்பிவிட்டது, சார்பு இல்லை. தேதியோடு நேரத்தையும் சேர்த்து இடது வட்டத்தில் போட்டால் சார்பாகிவிடும். மதிப்பகத்தை மாற்றிச் சரிசெய்வது என்றால் இதுதான்.

அதைவிட நல்லது, வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கும் வெள்ளை அட்டை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் முழு யூனிட்டாகத்தான் எழுதுவார். ஆகவே மதிப்பகம் முழு எண்கள். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறும்வரை வீட்டு இணைப்புக்கு நடப்பில் இருந்த கணக்கு இது. நூறு யூனிட்வரை ஒன்றும் கிடையாது. மொத்தம் இருநூறுக்குள் என்றால் நூறுக்கு மேற்பட்டதற்கு யூனிட்டுக்கு 1.50, நிலைக்கட்டணம் 20. ஐந்நூறுக்குள் என்றால் இரண்டாவது நூறுக்கு 2 ரூபாய், அடுத்த முந்நூறுக்கு 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30. ஐந்நூறைத் தாண்டினால் எல்லாமே வேறு: இரண்டாவது நூறுக்கு 3.50, அடுத்த முந்நூறுக்கு 4.60, அதற்கு மேல் 6.60, நிலைக்கட்டணம் 50.

போட்டுப் பாருங்கள். 500 யூனிட்டுக்கு 200, 900, 30. மொத்தம் 1,130 ரூபாய். 501 யூனிட்டுக்கு 350, 1,380, 6.60, 50, மொத்தம் 1,786.60. கடைசி ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 பைசா. ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் ஏன் பதறின என்பதற்கு இதுவே விளக்கம். வரைபடம் வரைந்தால் ஐந்நூறில் கோடு அறுந்து மேலே எகிறும். தலம்பேர் இதைப் பார்த்திருந்தால் சார்பே இல்லை என்றிருப்பார். ஒரே சூத்திரத்தில் அடங்கவில்லையே. நமக்கு அந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு யூனிட் எண்ணுக்கும் ஒரே ஒரு தொகைதான் வருகிறது.

இப்போது வீச்சகத்தைப் பாருங்கள். பில் தொகை பூச்சியமாக இருக்கலாம், 21.50-ஆக இருக்கலாம், இடையில் எதுவும் இருக்க முடியாது. 170-க்கு அடுத்தது 233. 1,130-க்கு அடுத்தது 1,786.60. பழைய பாக்கி எதுவும் இல்லாத ஒரு வீட்டுக்கு அந்த நாளில் 1,500 ரூபாய் பில் வந்திருந்தால், மீட்டரைப் பார்க்காமலே அது தப்பு என்று சொல்லிவிடலாம். 1,500 துணை மதிப்பகத்தில் இருக்கிறது, வீச்சகத்தில் இல்லை. இரண்டு சொற்களுக்கும் என்ன வேறுபாடு என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதும் பிள்ளைக்கு இந்த ஓட்டையைக் காட்டினால் போதும்.

2022-இல் கட்டணம் ஏறியது. நிலைக்கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஐந்நூறுக்குள் என்றால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 2.25, அடுத்த இருநூறுக்கு 4.50, கடைசி நூறுக்கு 6 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725. ஐந்நூறைத் தாண்டினால் நூறிலிருந்து நானூறுவரை எல்லாவற்றுக்குமே 4.50, அடுத்த நூறுக்கு 6 ரூபாய், அதற்கும் அடுத்த நூறுக்கு 8. 501-க்கு 1,958. பில் கூடியதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். வீச்சகத்தில் இருந்த மூன்று ஓட்டைகளில் இரண்டு அடைபட்டதையும், மூன்றாவது 656.60-லிருந்து 233-ஆகச் சுருங்கியதையும் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அதன் பிறகும் கட்டணம் உயர்ந்துவிட்டது.

சங்கரன்கோவிலில் விசைத்தறி போடுகிறவர்களுக்கு வேறு அம்பு. அவர்களுக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்து 2023-இல் 1,000 ஆனது. 800 யூனிட் என்று மட்டும் சொன்னால் பில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. வீடா தறியா என்பதும் வேண்டும். மல்லிகை விலைக்கு நேரத்தைச் சேர்த்ததுபோல இங்கே இணைப்பு வகையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பதினோராம் வகுப்புக்குப் போனால் அம்பைத் திருப்பச் சொல்வார்கள். பில் தொகையைக் கொடுத்து யூனிட்டைக் கேட்பது. பூச்சிய ரூபாய் பில்லிலிருந்து திரும்பி நடக்க முடியாது, அங்கே பூச்சியம் முதல் நூறுவரை 101 அம்புகள் வந்து குவிந்திருக்கின்றன. பதுமனும் சங்கனும் பட்ட பாடு. மதிப்பகத்திலிருந்து அந்த 101 பேரையும் வெளியேற்றிவிட்டு, வலது வட்டத்தை வீச்சக அளவுக்குச் சுருக்கினால் ஒவ்வொரு தொகைக்கும் ஓர் அம்புதான் மிஞ்சும், திருப்பலாம். 2022 கணக்குப்படி ஒரு வீட்டு பில் 1,035 ரூபாய் என்றால், 225-ஐக் கழித்து மீதி 810-ஐ 4.50-ஆல் வகுக்க 180. இருநூறோடு கூட்டினால் 380 யூனிட். அதற்கு வேறு விடை கிடையாது.